நாகசாகியின் உபதேசியார்கள்

நாகசாகி என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது வானளாவ எழும்பிய ஒரு புகைக்குடை. பள்ளிப் பாடநூலில் ஹிரோசிமாவுக்கு அடுத்த வரியில் அந்தப் பெயரைப் படித்தோம், தேதியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம், பின்பு மறந்தோம். நானும் அவ்வாறே. என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் துறவற சபையொன்றில் சேர்ந்து, பல ஆண்டுகளாக ஜப்பானில் மறைப்பணி ஆற்றி வருகிறார். தம் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தி அழைத்ததால் 2024 மே மாதத்தில் அங்கே சென்றேன். விழா முடிந்ததும் இருவரும் நாகசாகிக்குப் புறப்பட்டோம். அணுகுண்டு விழுந்த இடத்தில் நின்று ஒரு செபம் சொல்லித் திரும்புவதே என் திட்டம். அங்கே தங்கிய நான்கு நாள்களில் அத்திட்டம் மாறிப்போயிற்று. குண்டைப் பற்றி அறிந்துகொள்ளப் போனவன், என் குருத்துவத்தில் நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மறைத்து வைத்திருந்த ஒரு குற்றத்தைப் பற்றி எண்ணிக்கொண்டு திரும்பினேன். அதை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மலையும் கடலும்

மலைகள் சூழ, கடல் உள்ளே நீண்டு புகுந்த நகரம் நாகசாகி. சமநிலம் சிறிதே. வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தெருக்கள் பல இடங்களில் படிக்கட்டுகளாகவே மாறிவிடுகின்றன. முதிய பெண்கள் கையில் காய்கறிப் பையுடன் மூச்சிரைக்காமல் அவற்றில் ஏறுவதைக் கண்டு, பாதியில் நின்று இளைப்பாறிய எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே, பள்ளத்துச் சாலையில் டிராம் வண்டிகள் ஓடுகின்றன.

சிற்றூராக இருந்த இவ்விடம் துறைமுகமானது 1571-இல். அப்பகுதியின் சிற்றரசர் ஓமுரா சுமித்தாதா 1563-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜப்பானியச் சிற்றரசர்களுள் முதல் கிறிஸ்தவர் அவரே. போர்த்துக்கீசிய வணிகக் கப்பல்களை இத்துறைக்கு அழைத்தவரும் அவரே. 1580-இல் துறைமுகத்தையே இயேசு சபையாருக்கு அவர் கையளித்தார். மறைபரப்ப வந்தவர்கள் ஒரு துறைமுகத்தின் ஆட்சியை ஏற்றது அறிவுடைமையா என்று இன்று கேட்பது எளிது. அதன் விலையை மட்டும் பின்வந்த எளிய மக்களே கொடுத்தார்கள். நாட்டை ஒருகுடைக்கீழ்க் கொண்டுவந்த தளபதி ஹிதேயோஷி, 1587-இல் மறைபரப்பாளர் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டு, நகரையும் தம் கைக்குள் கொண்டுவந்தார்.

இக்கதையின் தொடக்கம் நமக்கு அயலானதன்று. 1549 ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் தென்முனையிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கிய புனித சவேரியார், ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் முத்துக்குளித்துறையின் மணலில் நடந்தவர். அங்கே அவர் செய்தது என்ன? தமிழறிந்தோர் சிலரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கச் செய்தார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஊருக்குப் போகுமுன், செபங்களின் படியொன்றை அவ்வூரில் விட்டு, சாகக்கிடக்கும் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் மக்களைச் செபத்துக்குக் கூட்டவும் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். நம் உபதேசியார்களின் மூதாதையர் அக்கணக்கப்பிள்ளைகளே.

இன்னுமோர் உறவும் உண்டு. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்த்துக்கீசியக் குரு எழுதிய சிறிய ஞானோபதேச நூலை அண்டிரிக் அடிகளார் தமிழாக்க, அது 1579-இல் கொச்சியில் அச்சேறியது. அதே நூலைத் தழுவிய ஜப்பானிய ஞானோபதேசம் அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அங்கே அச்சானது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு குழந்தையும் நாகசாகிக் கடற்கரையில் ஒரு குழந்தையும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த கேள்வி பதிலைத் தத்தம் மொழியில் ஒப்புவித்த காலம் ஒன்று இருந்தது. அவ்விரு குழந்தைகளின் வழித்தோன்றல்களுக்கும் பின்னர் நேர்ந்தவை வேறு வேறு.

நிஷிசாக்கா மேடு

ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் ஏறினால் நிஷிசாக்கா மேடு. 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேர் இங்கே சிலுவைகளில் அறையுண்டு ஈட்டியால் குத்தப்பட்டார்கள். கியோத்தோவில் இடக்காது அறுக்கப்பட்டு, குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் நடத்தி அழைத்து வரப்பட்டவர்கள். சிற்பி ஃபூனாகோஷி யாசுத்தாகே 1962-இல் வடித்த ஆளுயர வெண்கல உருவங்கள் நீண்ட சுவரில் வரிசையாக நிற்கின்றன. பாதங்கள் தரையைத் தொடாமல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஏறிக்கொண்டிருப்பவர்களைப் போன்ற தோற்றம். வரிசையில் சில உருவங்கள் குட்டையாக இருந்தன. கூர்ந்து நோக்கியபின்தான் அவை சிறுவர்கள் என்பது புலனாயிற்று. லூயிஸ் இபராக்கிக்கு வயது 12.

அவ்வரிசையில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. இன்றைய மராட்டிய மாநிலத்தின் வசாய் நகரில், போர்த்துக்கீசியத் தந்தைக்கும் கொங்கணத் தாய்க்கும் பிறந்த கொன்சாலோ கார்சியா. வணிகராக இருந்து, பின்பு மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் உதவிச் சகோதரராகச் சேர்ந்து, ஜப்பானிய மொழி அறிந்தவராகையால் மொழிபெயர்ப்பாளராக அங்கே திரும்பியவர். 1862-இல் மற்ற இருபத்தைவரோடு அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பெயரை நண்பர் எனக்கு வாசித்துக் காட்டியபோது, இந்நாட்டில் குருத்துவப் பணியில் ஆண்டுகள் பல கழித்தும் அவருடைய திருநாளை ஒருமுறையும் பங்கில் அறிவித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"இந்த 26 பேரில் குருக்கள் எத்தனை பேர், சொல் பார்க்கலாம்" என்றார் நண்பர். பாதியாவது இருக்கும் என்றேன். "மூன்றே மூன்று பேர்" என்றார். புகழ்பெற்ற பவுல் மீக்கியும் குருப்பட்டம் பெறாதவரே. எஞ்சியோர் துறவறச் சகோதரர், உபதேசியார், தச்சர், சமையற்காரர், வைத்தியர், பூசை உதவிச் சிறுவர். நாகசாகியில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த எண்.

மிதிபட்ட முகம்

தோக்குகாவா ஆட்சியாளர் 1614-இல் கிறிஸ்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்தனர். அப்போது அங்கே மூன்று லட்சத்தை ஒட்டிய கிறிஸ்தவர்கள் இருந்ததாக மதிப்பிடுவர். கோவில்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் நாடுகடத்தப்பட்டனர், ஒளிந்திருந்தோர் ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். கடைசிக் குருவான மான்சியோ கொனிஷி 1644-இல் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூற்றிருபது ஆண்டுகள் அம்மண்ணின் மக்களுக்குத் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் இல்லை.

அக்காலக் கொடுமைகளுள் என்னை மிகவும் வாட்டியது வாளும் நெருப்பும் அன்று; ஒரு சிறிய தகடு. கிறிஸ்துவின் அல்லது தேவமாதாவின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் காலால் மிதித்துத் தாம் கிறிஸ்தவரல்லர் என்று காட்ட வேண்டும். ஃபுமியே என்று பெயர். 1620-களில் தொடங்கிய இவ்வழக்கம் 1850-கள் வரை நாகசாகியில் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி நடந்தது. நோயாளிகளின் படுக்கைக்கே தகட்டைக் கொண்டு சென்றார்கள். கைக்குழந்தைகளின் பாதத்தையும் அதன்மேல் பதித்தார்கள். பழைய தகடுகளில் ஆண்டவரின் முகம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அருங்காட்சியகத்தில் அத்தகைய தகடொன்றின் படியைக் கண்டேன். எத்தனை ஆயிரம் பாதங்கள்! அவற்றுள் எத்தனை பாதங்கள் நடுங்கியிருக்கும்!

மிதிக்க மறுத்து மாண்டவர்களை நாம் அறிவோம். பீடங்களில் வைத்து வணங்குகிறோம். மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்களைப் பற்றி யார் எழுதினார்? நாவலாசிரியர் ஷூசாக்கு எண்டோ 1966-இல் வெளியிட்ட 'மௌனம்' அக்கேள்வியை எழுப்பியது. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வரலாறு சொல்வது இதுதான்: இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவ்விசுவாசம் உயிரோடு கைமாறி வந்தது, மிதித்தவர்களின் வீடுகளில். மிதிக்க மறுத்த குடும்பங்கள் அழிந்துபோயின. மிதித்தவர்கள் வீடு திரும்பி, கதவைச் சாத்தி, முழந்தாளிட்டு ஒரு செபம் சொன்னார்கள்.

அச்செபத்தின் கதை நம் வாசகர்களுக்கு நன்கு விளங்கும். 1603-இல் எழுதப்பட்ட ஒரு சிறு நூல் உண்டு. கொன்சிரிசான் என்பது அதன் தலைப்பிலுள்ள சொல். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் பேச்சில் சொன்னால், உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லாத வேளையில், தண்டனைக்கு அஞ்சியன்றி, அன்பே உருவான கடவுளை நோகச்செய்தோமே என்ற துயரத்தால் மனம் வருந்தி, குரு கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதிகொண்டால், பாவம் மன்னிக்கப்படும் என்று அது கற்பித்தது. புதுமையான போதனையன்று, சவேரியார் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட அதே 1551-இல் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்த போதனைதான். குருமடத்தில் நான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். அவர்கள் அதைக் கையால் படியெடுத்து, கூரையிலும் சுவரிலும் ஒளித்து, தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து, அதனாலேயே வாழ்ந்தார்கள். குரு கிடைக்கும்போது என்ற அந்த நிபந்தனையை நிறைவேற்றாமலே ஆறேழு தலைமுறைகள் மாண்டன.

மூன்று பணியாளர்

அவர்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தார்கள்? உரகாமி என்பது அன்று நாகசாகியை அடுத்த உழவர் சிற்றூர்; இன்று நகரின் பகுதி. அவ்வூரார் இரகசியமாக மூவகைப் பணியாளரை ஏற்படுத்திக்கொண்டார்கள். முதலாமவர், திருநாள்காட்டியைக் காப்பவர். எந்நாள் ஞாயிறு, எந்நாள் கிறிஸ்து பிறப்பு, தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. இரண்டாமவர், திருமுழுக்கு அளிப்பவர். மிசுக்காத்தா, அதாவது நீர்ப்பணியாளர், என்று பெயர். மூன்றாமவர், செய்தியை வீடுவீடாகக் கொண்டு செல்பவர். அனைவரும் உழவரோ மீனவரோதாம். வெளிப்பார்வைக்கு அவர்கள் புத்த ஆலயப் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள். அவர்கள் வீட்டில் இருந்தது குழந்தையை ஏந்திய கன்னோன் என்னும் தெய்வத்தின் வெள்ளைப் பீங்கான் சிலை. அதன்முன் அவர்கள் சொன்னதோ மரியன்னைக்குரிய மங்கள வார்த்தைகள். செபத்தை ஒராஷோ என்றும் சிலுவையைக் குருசு என்றும் குருவைப் பதேரன் என்றும் சொன்னார்கள். பாதிரி என்ற நம் சொல்லும் பதேரன் என்ற அவர்கள் சொல்லும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

திருநாள்காட்டியை விட்டுச்சென்றவர் பஸ்தியான் என்ற உபதேசியார் என்பது மரபு. இறக்குமுன் அவர் ஒன்று சொன்னாராம்: ஏழு தலைமுறைக்குப் பின் பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள், அப்போது வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். சோறு வரும், செல்வம் வரும், பகைவர் அழிவர் என்று அவர் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். மக்கள் ஏழு தலைமுறையாகக் காத்திருந்தது தம் பாவங்களை ஒருவர் காதில் சொல்வதற்காக. சனிக்கிழமை மாலைகளில் வெறுமையாக இருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செபப்புத்தகத்தோடு அமர்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் குருவான எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

தவக்காலத்தின் பதினேழாம் நாள்

நகரின் தென்புறச் சரிவில் ஓவுரா ஆலயம் நிற்கிறது. நாடு வெளியாருக்குத் திறக்கப்பட்டபின், அங்கே குடியேறிய ஐரோப்பியருக்காக, நம் புதுவை மண்ணில் பணியாற்றிய அதே பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் கட்டியது. 26 மறைசாட்சிகளுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, 1865 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஜப்பானியருக்கு அன்றும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட மதமே.

ஒரு மாதம் கழிந்து, மார்ச் 17 அன்று, ஏறத்தாழ பதினைந்து பேர் ஆலய வாயிலில் நின்றார்கள். தந்தை பெத்தீஜான் கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின்முன் முழந்தாளிட்டார். இசபெலினா யூரி என்ற பெண் அவரருகே வந்து, நெஞ்சில் கைவைத்து, எங்கள் உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். அடுத்து, சாந்தா மரியாவின் திருவுருவம் எங்கே என்று கேட்டார். குரு அழைத்துச் சென்று காட்டினார். அத்திருவுருவம் இன்றும் பக்கப் பீடத்தில் இருக்கிறது.

குருவை வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. இது துக்ககாலத்தின் பதினேழாம் நாள் என்றும், நீங்களும் அதை அனுசரிக்கிறீர்களா என்றும் அவர்கள் வினவினர். ஊர் திரும்பிய பின் கணக்கிட்டுப் பார்த்தேன். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1. மார்ச் 17 தவக்காலத்தின் சரியான பதினேழாம் நாள்! இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஆயரும் குருவும் அச்சிட்ட நாள்காட்டியும் இல்லாமல், எழுத்தறிவு குறைந்த உழவர்கள் ஒரு நாள்கூடப் பிசகாமல் எண்ணி வந்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்ததே என்னை உலுக்கியது. குருக்கள் ஒவ்வோர் ஊர் நீர்ப்பணியாளரிடமும் அவர் சொல்லும் திருமுழுக்கு வார்த்தைகளைக் கேட்டறிந்தனர். இலத்தீன் சொற்கள் ஜப்பானிய நாவில் தலைமுறைகளாக உருமாறியிருந்தன. எங்கே அவை செல்லும், எங்கே ஐயம் என்று பொறுமையோடு ஆராய்ந்தனர். நண்பர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் ஆலயத்தின் இருக்கையில் அமர்ந்துவிட்டேன்.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு. எனக்கு அளிக்கப்பட்ட கிளைக்கிராமம் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த உபதேசியார் ஒருவர் இருந்தார். மாதம் ஒருமுறை குரு வந்தால் அதிகம் என்றிருந்த ஊர். மற்ற ஞாயிறுகளில் செபம் சொன்னவர், சாவுகளுக்கு முன்நின்றவர், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவர் அவரே. ஒரு நாள், சாகும் தறுவாயில் அவரால் ஆபத்துத் திருமுழுக்குப் பெற்றுப் பிழைத்த குழந்தையைத் தாய் ஆலயத்துக்கு எடுத்து வந்தாள். பதிவேட்டில் எழுதுமுன், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று மக்கள் முன்னிலையில் அவரைக் கேட்டேன். தம் தந்தை கற்பித்த பழைய நடையில், ஒரு சொல்லைச் சிதைத்து, அவர் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "உபதேசியாரே, இத்தன வருசமும் இப்படித்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். "எங்க அப்பா சொல்லிக்குடுத்தது சாமி" என்றார். அவர் பார்வை தரையில் இருந்தது. அக்குழந்தைக்கு நான் அனைவர் முன்னும் நிபந்தனைத் திருமுழுக்கு அளித்தேன். சட்டத்தை நிறைவேற்றிவிட்ட பெருமிதம் அன்று எனக்கு.

அது சட்டமும் அன்று. எட்டாம் நூற்றாண்டில், இலத்தீன் அறியாத குரு ஒருவர் திருமுழுக்கு வார்த்தைகளைச் சிதைத்துச் சொன்னபோது, நோக்கத்தில் பிழையில்லையாதலால் அத்திருமுழுக்குச் செல்லும், மீண்டும் கொடுக்கலாகாது என்று திருத்தந்தை சக்கரியா புனித போனிபாசுக்கு எழுதினார். இதையும் நான் குருமடத்தில் படித்திருந்தேன், மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். அந்த உபதேசியார் அதன்பின் முன்நின்று செபம் சொல்லத் தயங்கினார். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல். சில ஆண்டுகளில் அவர் இறந்த செய்தி வந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை.

உரகாமி

மறைந்திருந்த கிறிஸ்தவர்கள் வெளிப்பட்டதும் துன்பம் முடிந்துவிடவில்லை. 1867-இல் உரகாமியில் கைதுகள் தொடங்கின. பின்பு அவ்வூரார் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குழந்தை குட்டிகளோடு நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். பசியிலும் சித்திரவதையிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாடுகடத்தலை அவர்கள் தபி என்கிறார்கள். பயணம் என்பதே அதன் பொருள். 1873-இல் தடை நீங்கி ஊர் திரும்பியோர்க்கு வீடுமில்லை, விளைநிலமுமில்லை. ஆயினும் சில ஆண்டுகளில், 1880-இல், அவர்கள் ஒரு மனையை விலைக்கு வாங்கினார்கள். ஊர்த்தலைவரின் பழைய வீடு அது. ஆண்டுதோறும் அவர்களும் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரும் வரிசையில் நின்று ஆண்டவரின் முகத்தை மிதித்தது அவ்வீட்டில்தான். அங்கேயே ஆலயம் எழுப்பினார்கள். 1895-இல் தொடங்கிய செங்கற் பேராலயப் பணி 1914-இல் நிறைவுற்றது.

தம் வெட்கத்தின் இடத்தை அவர்கள் மறைக்க விரும்பவில்லை; அதன்மேல் பீடம் வைத்தார்கள். மிதித்த பாதங்களின் பேரப்பிள்ளைகள் அதே தரையில் முழந்தாளிட்டார்கள். அதுவே அவர்கள் செய்த பாவசங்கீர்த்தனம் என்று எனக்குத் தோன்றியது.

1945 ஆகஸ்டு 9, முற்பகல் 11 மணி 2 நிமிடம். கொக்குரா நகருக்கென்று புறப்பட்ட குண்டு, அங்கே இலக்குத் தெளிவாகத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. உரகாமியின் மேலே வெடித்தது. பேராலயம் அவ்விடத்திலிருந்து சுமார் 500 மீட்டர். விண்ணேற்புத் திருநாளுக்கு ஆறு நாள்களே இருந்தமையால், அவ்வேளையில் உள்ளே இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர், மக்கள் காத்திருந்தனர். அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. உரகாமியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். நகரில் அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் 70,000-க்கும் மேல்.

ஏழு தலைமுறை காத்திருந்து பெற்ற அருள்சாதனத்தின் நடுவே அம்மரணம் வந்தது. இதற்கு என்ன பொருள் சொல்வது? மனைவியை அன்று இழந்த கதிரியக்க மருத்துவர் தகாஷி நாகாய், அவ்வாண்டு நவம்பரில் நடந்த நினைவுத் திருப்பலியில், உரகாமி போரின் பாவத்துக்காகக் கடவுள் தேர்ந்துகொண்ட எரிபலி என்று பேசினார். எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அச்சொல் ஆறுதல் அளித்தது. அவருடைய புனித வாழ்வைத் தலைவணங்கிப் போற்றுகிறேன். எனினும் கடவுள் அந்தக் குண்டைக் கேட்டார் என்று சொல்ல என் நா எழவில்லை. 1981-இல் ஜப்பான் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதரின் செயல் என்று ஹிரோசிமாவில் ஐயத்துக்கிடமின்றிச் சொன்னார். அச்சொல்லுக்குப் பிறகே உரகாமியின் முதியோர் பலர் வாய்திறந்து தம் துயரைப் பேசத் தொடங்கினர் என்று நண்பர் கூறினார். தண்டனையையும் தெய்வச் சித்தத்தையும் அவசரமாக எடுத்துச் சொல்லும் குருக்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

பேராலயம் 1959-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளே சிற்றாலயத்தில், இடிபாடுகளில் ஒரு துறவி கண்டெடுத்த மரத்தாலான மரியன்னையின் தலை இருக்கிறது. கன்னம் கருகி, கண்மணிகள் இருந்த இடத்தில் இரு குழிகள். அருங்காட்சியகத்தில் கண்ட தேய்ந்த முகம் என் நினைவில் வந்தது. மனிதர் காலால் தேய்த்த முகம் ஒன்று. மனிதர் நெருப்பால் எரித்த முகம் ஒன்று. அம்முகத்தின்முன் நெடுநேரம் இருந்தபின், நண்பரைப் பார்த்து, எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பாயா என்றேன். என்ன சொன்னேன் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவர் இட்ட பரிகாரம் எளியது: ஊருக்குப் போ.

கல்லறைத் தோட்டத்தில்

ஊர் திரும்பிய அடுத்த மாதம் அந்தக் கிளைக்கிராமத்துக்குச் சென்றேன். இப்போது அது தனிப்பங்கு. நல்ல ஆலயம், ஒலிபெருக்கி, வாரந்தோறும் திருப்பலி. பங்குத்தந்தையின் இசைவோடு, திருப்பலி முடிந்ததும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததை மக்களிடம் சொன்னேன். இளையோருக்கு எதுவும் விளங்கவில்லை. பின்வரிசையில் இருந்த சில முதிய பெண்களுக்கு விளங்கியது. அவர்களே என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று குழந்தையாக இருந்தவன் வெளியூரில் வேலை செய்கிறானாம். அவன் தாய் வந்திருந்தாள். "அவரு தண்ணி ஊத்தலேன்னா அன்னிக்கு ராத்திரி நான் எப்படிச் சாமி தாங்கியிருப்பேன்?" என்று அவள் சொன்னபோது, திருமுழுக்கு என்ன செய்கிறது என்பது பற்றி நான் எழுதிய தேர்வுத்தாள்கள் யாவும் நினைவுக்கு வந்தன.

இன்று நாகசாகிப் பகுதியின் மறைவுக் கிறிஸ்தவரின் இடங்கள், 2018 முதல், உலக மரபுச்சின்னங்கள். 2025 ஆகஸ்டு 9 அன்று, குண்டால் அழிந்த பேராலய மணிக்கு மாற்றாக, அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கொடையால் வார்க்கப்பட்ட புதிய மணி, தப்பிப்பிழைத்த பழைய மணியோடு சேர்ந்து, எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒலித்ததாகச் செய்தியில் படித்து மகிழ்ந்தேன். ஆனால் நாகசாகியை நினைக்கும்போது என் செவியில் முதலில் கேட்பது மணியோசையன்று. கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் ஓர் உழவர் சொல்லும் மனஸ்தாபச் செபம்.

வாசகர்களே, உங்கள் பங்கிலிருந்து நாளை குருக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், உங்கள் வீட்டில் தவக்காலத்தின் பதினேழாம் நாளை எண்ணிச் சொல்ல யார் இருக்கிறார்? இக்கேள்வியை உங்களைக் குற்றம்சாட்டக் கேட்கவில்லை. அப்படி ஒருவரை உங்கள் நடுவே வளர்த்தேனா, வளர்ந்திருந்தவரை மதித்தேனா என்பது முதலில் எனக்கான கேள்வி.

அன்று அந்தக் கல்லறையருகே முதிய பெண்கள் முழந்தாளிட்டு, உபதேசியார் தங்களுக்குக் கற்பித்த பழைய மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள். நடுவே ஒரு சொல் அவர் சொன்னதைப் போலவே சிதைந்திருந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து, அச்சொல்லை அவ்வாறே சொன்னேன்.